கணிப்பொறியைத் துடைத்துப் புதுக்குதல்

கணிப்பொறியின் உறுப்புகளுக்கும் நாம் அதில் செய்யும் பணிகளுக்கும் இடையே நின்று, அனைத்தையும் நடத்தும் அடிப்படை நிரலையே இயங்குதளம் என்கிறோம். விண்டோஸ், லினக்ஸ் என்பன அவ்வகையின. இதனை அடியோடு நீக்கிப் புதிதாக நிறுவ வேண்டிய தேவை சில வேளைகளில் நேர்கின்றது. கெடுநிரல் புகுந்து வேரூன்றிவிடலாம். பல்லாண்டு ஏற்றிய நிரல்களின் எச்சங்கள் பொறியின் விரைவைக் குறைக்கலாம். இயங்குதளமே முதுமையடைதலும் உண்டு. 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது.

மாணவ நேயர்களே! இவ்வேலையை நீங்களே செய்துகொள்ளலாம் என்பது என் கருத்து. இதில் அருமையானது நிறுவுதல் அன்று. அதற்கு முந்திய ஆயத்தமே.

இயங்குதளத்தை மீண்டும் பெறலாம், செயலிகளையும் பெறலாம். ஈராண்டு உழைத்து எழுதிய ஆய்வேட்டையும், மறைந்த பாட்டியாரின் ஒளிப்படத்தையும் எந்த நிறுவனமும் திருப்பித் தாராது. ஆதலின் இத்தகையவற்றை முதலில் வெளி வட்டு ஒன்றில் படியெடுங்கள். திரையின் முகப்பில் கிடப்பவை, பதிவிறக்க உறையில் உள்ளவை, உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் ஆகியன எளிதில் மறக்கப்படுவன.

படியெடுத்தால் மட்டும் போதுமா? போதாது என்பேன். ஏடு பெயர்த்தெழுதுவோர் மூலத்தோடு ஒப்புநோக்குவது போல, அவ்வட்டை வேறொரு கணிப்பொறியில் இணைத்துக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறவாத படி, படியே அன்று. பழைய வட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருப்பின், அதன் 48 இலக்க மீட்புத் திறவுகோலையும் குறித்துக்கொள்ளுங்கள். துவக்க அமைப்பை மாற்றும்போது பொறி அதனைக் கேட்கக்கூடும்.

இனி நிறுவுதல். வெளி வட்டைக் கழற்றி அப்பால் வையுங்கள். தவறிப்போய் அதனையே அழித்துவிடும் இடர் இதனால் நீங்கும். இயங்குதளம் வெளியிடுவோரின் சொந்தத் தளத்திலிருந்து நிறுவு கோப்பைப் பெற்று, விண்டோஸாயின் குறைந்தது 8 ஜிபி கொள்ளும் பென் டிரைவில் ஏற்றுங்கள். அதிலுள்ள பழைய கோப்புகள் அழிந்துவிடும் என்பதை நினைவிற் கொள்க. பொறியை இயக்கியதும் எஃப்2, எஃப்12 போன்ற விசையை அழுத்தி, பென் டிரைவிலிருந்து துவக்குங்கள். எந்த விசை என்பது பொறிக்குப் பொறி வேறுபடும். வட்டின் பகுதிகள் திரையில் தோன்றும். அவற்றின் கொள்ளளவைக் கண்டு, உரிய வட்டே என்று உறுதி செய்த பின்னரே நீக்குங்கள். நீக்கிய வெற்றிடத்தில் புதிய இயங்குதளம் அமரும்.

முன்னரே உரிமம் பெற்ற விண்டோஸாயின், அதே பொறியில் அதே வகையை நிறுவி இணையத்தில் இணைத்ததும் உரிமம் பெரும்பாலும் தானே உறுதிப்படும். அடுத்துப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை முடியுங்கள். இறுதியிலேயே உங்கள் கோப்புகளைக் கொணருங்கள். கெடுநிரலின் பொருட்டுத் துடைத்தவர்கள், கோப்புகளைச் சோதித்தே ஏற்ற வேண்டும். பழைய நிரல்களை ஏற்றவே கூடாது.

காத்தல், சோதித்தல், அழித்தல், நிறுவுதல் என்னும் இவ்வரிசை பிறழாதிருப்பின் அச்சத்திற்கு இடமில்லை.