மண்ணெண்ணெயில் ஓடிய ஏ40

ஊஸ்டர் வீதிகளில் கோடையில் பளபளக்கும் பழைய கார்களைப் பார்த்திருப்பீர்கள். சுவிஸில் 30 ஆண்டுகள் கடந்த கார் ஒன்றை 'வெற்றரன்' வாகனமாகப் பதிவதென்றால், அது உற்பத்தியான காலத்து அமைப்பிலேயே இருக்கவேண்டும். யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களை இந்த அளவுகோலால் மட்டும் அளந்தால் எங்கள் வரலாறு தவறிப்போகும்.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டில் பெற்றோல் அரிதானது. அந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. அதனால் காபரேற்றரில் சிறிது பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் புகை கக்கியபடியே அதைத் தாங்கின. நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவையும் அவைதான்.

இன்று அவற்றை வாங்கிப் புதுப்பிப்பவர்கள், அக்காலத்தில் ஒட்டுப்போட்ட குழாய்களைக் கழற்றி எறிந்துவிடக்கூடும்.

ஊரில் உங்கள் வளவில் அப்படி ஒரு கார் நின்றால், விற்கமுன் எஞ்சினையும் இலக்கத்தகட்டையும் படம் எடுங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள பழைய உரிமையாளர் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டிய பெரியவர் இருந்தால், இந்தக் கிழமையே தொலைபேசியில் கேட்டு அவர் சொல்வதைப் பதிவுசெய்யுங்கள். பெயின்ற் பிறகும் அடிக்கலாம்.