கதவைத் தாங்குவது மோட்டார் அல்ல

ரிமோட்டை அழுத்தியதும் மேலேறிக் கூரைக்கு அடியில் படுத்துக்கொள்ளும் அமெரிக்கக் கராஜ் கதவின் பாரத்தை மோட்டாரே சுமப்பதாகப் பலரும் எண்ணினாலும், அந்த எடையைச் சமன்செய்வது வாசலுக்கு மேலுள்ள தண்டில் முறுக்கேற்றிப் பொருத்தப்பட்ட சுருள்வில்லே ஆகும். வில் செம்மையாக இருக்கும்வரை அறுபது, எழுபது கிலோ கதவையும் ஒருவர் கையாலேயே உயர்த்திவிடலாம் என்பதால்தான் அரைக் குதிரைத்திறன் மோட்டார் போதுமானதாகிறது.

இறங்கும் கதவுகளுக்கு அடியில் குழந்தைகள் சிக்கி இறந்ததை அடுத்து அமெரிக்கா 1990இல் சட்டம் இயற்றியது. அதன்படி, 1993 முதல் தயாரிக்கப்படும் வீட்டுக் கருவிகளில், எதன்மீதேனும் மோதினால் இரண்டு நொடிக்குள் கதவைத் திருப்பும் அமைப்போடு, கூடுதலாக ஒரு காப்பும் இருந்தாக வேண்டும். பெரும்பாலும் அது ஒளிக்கண்ணாக, அதாவது தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேற்படாத உயரத்தில் வாசலின் குறுக்கே அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி, கதிர் தடைபட்டால் கதவை மேலே திருப்பும் சென்சாராக அமைகிறது.  

ஒளிக்கண் வந்தபின் சுருள்வில்லை எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்பதே கவலைக்குரியது. ஒளிக்கண் ஒரே ஒரு கோட்டைத்தான் காண்கிறது. அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கையையோ காரின் பின்புறத்தையோ அது அறியாததால், அங்கே மோதல் உணர்வு ஒன்றே துணை. ஏறி இறங்குவதை ஒரு சுற்றாகக் கொண்டால், வழக்கமான வில் சுமார் 10,000 சுற்றுகளுக்கே வடிவமைக்கப்படுவது. நாளுக்கு நான்கு முறை இயக்கும் வீட்டில் ஏழு ஆண்டுகளில் அதன் காலம் முடிந்துவிடும். தளர்ந்த வில்லால் கதவு திணறும்போது மோட்டாரின் விசை அளவைத் திருகி ஏற்றிவிடுவோர் உண்டு. ஏற்றிய விசையில் கதவு நகரும், மோதலை உணரும் திறனோ மழுங்கிவிடும். புதிய கருவிகள் விசையைத் தாமே சீர்செய்துகொள்ளும் என்பர் விற்பனையாளர். ஆனால் அறுந்த வில்லை எந்தக் கருவியும் ஒட்டவைப்பதில்லை.

சோதனை எளிது: கதவை முழுவதும் மூடி, சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரிலிருந்து விடுவித்து, கையால் பாதி உயரம் தூக்கினால் அது அங்கேயே நிற்க வேண்டும். கதவு திறந்திருக்கையில் கயிற்றை இழுப்பது ஆபத்து; வில் அறுந்திருந்தால் முழு எடையும் அப்படியே இறங்கும். பாதியில் நில்லாமல் சரியும் கதவைப் பயிற்சி பெற்ற பணியாளர் சரிசெய்யும்வரை இயக்கக் கூடாது. முறுக்கேறிய வில்லின் திருகை வீட்டினர் தாமே தளர்த்தினால், தெறிக்கும் விசை கையெலும்பை முறித்துவிடும்.