மலிவான சிறு அம்பிளிபயரை வாங்கலாமா?

பதுளை நகரின் கடைத்தெருவிலும், பண்டாரவளை, பசறை, வெலிமடை முதலிய ஊர்களின் கடைகளிலும் உள்ளங்கையில் அடங்கும் சிறு பெட்டி ஒன்று விலைக்கு இருப்பதை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். முன்புறத்தில் ஓசையைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகி. பின்புறத்தில் ஸ்பீக்கர் கம்பிகளைச் செருகுவதற்குச் சில துளைகள். மேலட்டையிலோ, 'இருநூறு வாற்று', 'நானூறு வாற்று' என்று கொட்டை எழுத்தில் ஓர் எண். இதுவே மிக மலிவான சிறு ஸ்டீரியோ அம்பிளிபயர். நம் பாடநூல்கள் இக்கருவியை விரியலாக்கி என்று வழங்குகின்றன. கைத்தொலைபேசியிலிருந்தோ வானொலிப் பெட்டியிலிருந்தோ வரும் மெலிந்த மின்குறியை வலிமையாக்கி, இடம் வலம் என இரண்டு ஸ்பீக்கர்களை ஒலிக்கச் செய்வதே இதன் தொழில்.

இதனை வாங்கலாமா, வாங்கினால் பணம் வீணாகுமா என்பதே இன்று நாம் ஆராயப் போகும் வினா. வசதி படைத்தோருக்கு இது சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆனால் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021ஆம் ஆண்டில் 1,000 ரூபாய் என்றும், 2024ஆம் ஆண்டில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்றும் நிர்ணயிக்கப்பட்டதை நாம் அறிவோம். மலைச்சரிவிலே மழையிலும் பனியிலும் நின்று கொழுந்து பறித்து ஈட்டிய இரண்டு மூன்று நாட் சம்பளத்தை ஒரு பெட்டிக்குக் கொடுப்பவர், அதற்கு ஈடான பயனைப் பெறுகின்றாரா என்று கேட்பது நியாயமே அல்லவா?

முதலில், இவ்வளவு சிறிய பெட்டி எவ்வாறு வேலை செய்கின்றது என்பதைக் காண்போம். வால்வு வானொலிகளின் காலத்தில், அம்பிளிபயர் என்றால் பெரும் பாரம், தொட்டால் சுடும். பின்னர் வந்த திரான்சிற்றர்க் கருவிகளும் தாம் பெற்ற மின்வலுவில் பெரும்பகுதியை வெப்பமாகவே இழந்தன. அவ்வெப்பத்தை வெளியேற்றத் தடித்த அலுமினியத் தகடுகள் தேவைப்பட்டன. இன்றைய சிறு பெட்டிகள் வேறொரு முறையைக் கையாள்கின்றன. ஒரு விளக்கின் சுவிட்சை மிக மிக விரைவாகப் போட்டும் அணைத்தும் வருவதாகக் கற்பனை செய்யுங்கள். போட்ட நேரம் நீண்டால் வெளிச்சம் கூடும். அணைத்த நேரம் நீண்டால் வெளிச்சம் குறையும். அதே போல, இப்பெட்டியினுள் இருக்கும் சில்லு, ஒரு விநாடியில் இலட்சக்கணக்கான தடவை மின்சாரத்தைத் திறந்து மூடி, திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் இசையின் அலைகளை உருவாக்குகின்றது. இதனை 'டி வகுப்பு' முறை என்பர். வீணாகும் வெப்பம் சொற்பமாதலால் பெட்டி சிறுத்தது, விலையும் தாழ்ந்தது.

இம்முறையை எளியோருக்கும் எட்டச் செய்த பெருமையில் ஒரு பங்கு, 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தொடங்கப்பட்ட டிரைபாத் என்னும் நிறுவனத்தைச் சாரும். அதன் 'டிஏ 2020' என்ற சில்லைக் கொண்ட மிக மலிவான பெட்டிகள், விலையுயர்ந்த கருவிகளைக் கேட்டுப் பழகிய செவிகளையும் வியக்க வைத்தன. உலகை உலுக்கிய இருபத்தைந்து சில்லுகளுள் ஒன்றாக அதனை ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம் என்னும் பொறியியல் ஏடு 2009ஆம் ஆண்டில் எடுத்துரைத்தது. ஆனால் அதற்கு முன்பே, 2007ஆம் ஆண்டளவில், அந்நிறுவனம் நொடிந்துவிட்டது. அது காட்டிய வழியில் வேறு நிறுவனங்கள் செய்த சில்லுகளே இன்று கடைகளில் உள்ள பெட்டிகளில் இருக்கின்றன. ஆகவே, மலிவானது என்ற ஒரே காரணத்தால் இதனை விளையாட்டுப் பொருள் என்று தள்ளிவிடுதல் தகாது. மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்பது இதற்கும் ஓரளவு பொருந்தும்.

ஓரளவு என்று நாம் கூறக் காரணம், அட்டையில் அச்சிட்டிருக்கும் அந்த எண்தான். அதன் மெய் பொய்யை அறிவதற்குப் பொறியியற் கல்வி வேண்டியதில்லை. பெருக்கல் வாய்பாடு தெரிந்திருந்தால் போதும். பெட்டிக்கு மின்சாரம் ஊட்டும் அடப்டரைக் கையில் எடுத்து, அதன் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். '12 வோல்ற்று, 2 அம்பியர்' என்று இருக்குமாயின், பன்னிரண்டை இரண்டால் பெருக்குங்கள். இருபத்துநான்கு வாற்று. அந்த அடப்டர் தொடர்ந்து வழங்கக்கூடிய வலு அவ்வளவே. அதில் ஒரு பங்கு பெட்டியினுள்ளே செலவாகும். எஞ்சிய ஏறத்தாழ இருபது வாற்றை இரண்டு ஸ்பீக்கர்களும் பங்கிட்டுக்கொண்டால், ஒன்றுக்குப் பத்து வாற்று. மேள அடி போன்ற கணநேர உச்சங்களைக் கொள்ளளவிகள் சிறிது தாங்கிக் கொடுக்கலாம். ஆயினும் இருபத்துநான்கைப் பெறும் பெட்டி இருநூறைக் கொடுப்பது எங்ஙனம்? கால் வாளி நீரை ஊற்றி ஒரு பீப்பாய் நீரை எடுக்க முடியுமா?

அட்டையின் எண் சில வேளைகளில் அரை உண்மையாகவும் இருப்பதுண்டு. பல பெட்டிகளில் இருக்கும் 'டிபிஏ 3116' என்ற சில்லு, ஒவ்வொரு பக்கமும் ஐம்பது வாற்று வழங்க வல்லது என்று அதனைச் செய்தோர் கூறுவது மெய்யே. ஆனால் அவர்கள் அதற்கு 21 வோல்ற்று மின்னழுத்தமும், 4 ஓம் தடையுள்ள ஸ்பீக்கரும் வேண்டும் என்றும் கூறியிருக்கின்றனர். பன்னிரண்டு வோல்ற்றைக் கொடுத்தால், 4 ஓம் ஸ்பீக்கரில் திரிபின்றிக் கிடைக்கக்கூடிய உச்ச வலு கணக்கின்படி பதினெட்டு வாற்று. 8 ஓம் ஸ்பீக்கரில் ஒன்பதே வாற்று. அவ்வாறே, சில நூறு ரூபாய்க்குப் பெட்டியின்றி வெறும் பலகையாகக் கிடைக்கும் 'பிஏஎம் 8403' என்பது 5 வோல்ற்றில் பக்கத்துக்கு மூன்று வாற்று தரும் என்பர். அந்த மூன்றாவது வாற்றை எட்டும்போது ஒலியில் நூற்றுக்குப் பத்து வீதம் திரிபு கலந்துவிடும். எனவே, சில்லின் பெயரைக் காட்டிலும் அடப்டரின் எண்களே வாங்குவோர் பார்க்கவேண்டியவை.

அப்படியானால் பத்து வாற்று போதுமா? இங்கேதான் நற்செய்தி உள்ளது. சாதாரண ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒரே ஒரு வாற்று கொடுத்தால், ஒரு மீற்றர் தூரத்தில் எண்பத்தைந்து முதல் தொண்ணூறு டெசிபெல் வரையில் ஒலி எழும். இருவர் அமைதியாக உரையாடும் ஒலி அறுபது டெசிபெல் அளவே. பழைய லயன் காம்பராக்கள் பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் அமைந்தவை. அத்தகைய அறையில் ஒரு வாற்றே செவிக்குப் போதும். மேலும், வலுவை இருமடங்காக்கினால் ஒலி இருமடங்காகக் கேட்பதில்லை. மூன்று டெசிபெல் மட்டுமே கூடுகின்றது. செவிக்கு இருமடங்காகத் தோன்ற வேண்டுமாயின் ஏறத்தாழப் பத்து மடங்கு வலு வேண்டும். ஆகவே பத்து வாற்றுப் பெட்டியை விட்டு இருபது வாற்றுப் பெட்டிக்கு மேலதிகப் பணம் கொடுப்பவர், செவியால் அறியும் பயன் மிகச் சிறிதே.

அந்த மேலதிகப் பணத்தை எங்கே செலவிடுவது? ஸ்பீக்கரில் என்பதே விடை. எண்பத்துநான்கு டெசிபெல் தரும் ஸ்பீக்கருக்குப் பதிலாகத் தொண்ணூறு டெசிபெல் தரும் ஸ்பீக்கரை இணைத்தால், அம்பிளிபயரின் வலுவை நான்கு மடங்காக்கியதற்கு அது நிகராகும். புதியனவே வேண்டும் என்பதில்லை. கசெட் காலத்து ஸ்டீரியோ செட்டுகள் பழுதாகிக் கிடக்கும் வீடுகள் பல. அவற்றின் மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும். ரேடியோ திருத்தும் கடைகளிலும் அவை கிடைப்பதுண்டு. காகிதக் கூம்பு கிழியாமலும், அதன் ஓரம் உக்காமலும், கூம்பை விரலால் மெல்ல அழுத்தும்போது உரசாமலும் இருக்கின்றதா என்று பார்த்து எடுத்தால், மலிவான அம்பிளிபயரும் அப்பழைய பெட்டியும் சேர்ந்து, விலைக்கு மிஞ்சிய இனிமையைத் தரும்.

இணைக்கும்போது ஒரு விதியை மறவாதிருத்தல் வேண்டும். இவ்வகைப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் ஸ்பீக்கரின் இரு கம்பிகளிலும் மின்குறி ஓடுகின்றது. ஆதலால் இடப்புற ஸ்பீக்கரின் கறுப்புக் கம்பியையும் வலப்புறத்ததையும் ஒன்றாக முறுக்கிவிடுதலோ, அவற்றைப் பெட்டியின் உலோகத்தோடு சேர்த்துவிடுதலோ கூடாது. பழைய செட்டுகளில் அவ்வாறு செய்து பழகியவர்கள் இங்கும் செய்தால் சில்லு கணத்தில் கருகிவிடும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு கம்பிகள் தனித்தனியே செல்லல் வேண்டும். திருகியை முழுவதும் திருப்பி ஒலி கரகரக்கும் நிலையில் நெடுநேரம் வைத்தலும் தீது. அந்தத் திரிபு, மெல்லிய ஒலிகளை எழுப்பும் சிறு ஸ்பீக்கரைச் சுட்டுவிடக்கூடும்.

மிக முக்கியமானது அடப்டர். உண்மையில், இம்மலிவுப் பெட்டிகளில் ஆபத்தான பகுதி இதுவொன்றே. அம்பிளிபயர் தாழ்ந்த மின்னழுத்தத்தில் இயங்குவது. அதனால் உயிருக்கு ஆபத்து அரிது. அடப்டரோ சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்றைத் தாங்குவது. உள்ளே காப்பு சரியாக அமையாத அடப்டர் அவ்வழுத்தத்தை வெளிக் கம்பிக்கும் கடத்திவிடலாம். எனவே எடையின்றி இருப்பதையும், மூடி பொருந்தாமல் ஆடுவதையும், தொட்டால் கூசுவதையும், சூடேறி வாடை வீசுவதையும் விலை எதுவாயினும் ஒதுக்குக. பழைய மடிகணினியின் நல்ல அடப்டர் ஒன்று கிடைத்தால், அது பெரும்பாலும் 19 வோல்ற்றும் மூன்று அம்பியருக்கு மேலும் வழங்கும். பெட்டி அவ்வழுத்தத்தை ஏற்கும் என்று எழுதியிருந்தால் மட்டும், முனைகளின் நேர் எதிர் பார்த்து அதனை இணைக்கலாம். ஒரே சுவர்ப் பொருத்தியில் அடுப்பையும் கேத்தலையும் இதனையும் அடுக்கி மாட்டுவது, பழைய கம்பி இழுத்த லயன்களில் தீயை விருந்துக்கு அழைப்பதற்கு ஒப்பாகும்.

ஊவா மலைகளில் வாழ்வோர் இடிமின்னலையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடி முழங்குவது நாம் அறிந்ததே. அருகில் எங்கேனும் விழும் மின்னல், கம்பி வழியே வந்து இத்தகைய கருவிகளைச் சாம்பலாக்கிவிடும். சுவிட்சை அணைத்தால் போதும் என்று எண்ணாதீர்கள். வானம் கறுத்து, முதல் முழக்கம் கேட்பதற்கு முன்பே, அடப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கி வைத்துவிடுங்கள். மின்னல் தொடங்கிய பின் கம்பியைத் தொடப் போதல் கூடாது.

வானொலி கேட்போர் வேறொரு குறையையும் காணலாம். மின்சாரத்தை விரைந்து திறந்து மூடும் இக்கருவிகளும் அவற்றின் அடப்டர்களும் தாமே சிறு இரைச்சலை வானில் பரப்புகின்றன. மலைகளுக்கு இடையே அலை மெலிந்து வரும் இடங்களில் அது வானொலியின் ஒலியைக் கெடுக்கும். வானொலிப் பெட்டியைச் சில அடி தூரம் தள்ளி வைத்தால் பெரும்பாலும் தீர்வு உண்டு. 12 வோல்ற்றுப் பற்றரியில் இயக்கினால் அடப்டரின் இரைச்சல் அறவே நீங்கும். மின்தடை வேளையிலும் பெட்டி பாடும். எனினும், மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்பதற்குப் பற்றரியில் இயங்கும் தனிச் சிறு வானொலி ஒன்று வீட்டில் இருந்தே ஆக வேண்டும். அதனை விற்று இதனை வாங்குதல் அறிவுடைமையாகாது.

இனி, எதற்கு இது உதவாது? கோயில் திருவிழாவுக்கும், காமன் கூத்துக்கும், திறந்த வெளியில் நடக்கும் கலியாண வீட்டுக்கும் உதவாது. அட்டையின் எண்ணை நம்பி அவற்றுக்கென வாங்குவோர் ஏமாறுவர். அத்தகைய நாட்களில் ஒலிபெருக்கிகளை வாடகைக்கு அமர்த்துவதே செலவிலும் சிக்கனம்.

ஆனால் வேலை முடிந்து வந்து பழைய பாட்டொன்றைக் கேட்க விரும்புவோருக்கும், பாடசாலைப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் வரும் பாடத்தைத் தெளிவாகக் கேட்கச் செய்ய நினைப்போருக்கும் இது உகந்ததே. ஒரே கூரையின் கீழ், மெல்லிய சுவர் ஒன்றே பிரிக்க வாழும் லயன்களில், சிறிய வலு ஒரு குறையன்று. அயல் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அது செய்யும் உதவியுமாகும்.

ஆகவே எமது முடிபு இது: மலிவான சிறு அம்பிளிபயரை வாங்கலாம். ஆனால் அட்டையில் உள்ள எண்ணுக்காக ஒரு சதமும் கூடுதலாகக் கொடாதீர்கள். மிகச் சிறிய பெட்டியை வாங்கி, மிஞ்சும் பணத்தை நல்ல அடப்டருக்கும் நல்ல ஸ்பீக்கருக்கும் செலவிடுங்கள். கடையில் நிற்கும்போது அடப்டரைத் திருப்பிப் பார்த்து, அந்த இரண்டு எண்களையும் பெருக்கிப் பாருங்கள். உழைத்த பணத்துக்கு அதைவிடச் சிறந்த காவல் வேறில்லை.