ஸ்டெரோயிட் சேர்வைகள் பற்றீரியாவைத் தடுக்குமா? பரிசோதித்து அறியும் முறை

மாணவர்களே, ஸ்டெரோயிட் என்றதும் விளையாட்டு வீரர்களுக்குத் தடைசெய்யப்பட்ட மருந்துதான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால், ஒன்றோடொன்று இணைந்த நான்கு காபன் வளையங்களை அடிப்படையாகக் கொண்ட சேர்வைகளே ஸ்டெரோயிட்டுகள் எனப்படும். நமது உடலிலுள்ள கொலஸ்திரோலும் இவ்வகையைச் சேர்ந்ததே.

1993 இல் அமெரிக்க விஞ்ஞானி மைக்கல் சாஸ்லொவ் குழுவினர், ஒருவகைச் சுறாவின் உடலிலிருந்து ஸ்குவாலமின் என்னும் ஸ்டெரோயிட்டைப் பிரித்தெடுத்தனர். அது பற்றீரியாக்களையும் பங்கசுக்களையும் தடுத்தது. பின்னர் அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் போல் சவேஜ் குழுவினர், பித்த அமிலமொன்றிலிருந்து செராஜெனின் எனப்படும் சேர்வைகளைச் செயற்கையாகத் தயாரித்தனர். நேரேற்றம் கொண்ட இவை, மறையேற்றம் கொண்ட பற்றீரியா மென்சவ்வில் ஒட்டி அதனைச் சிதைக்கின்றன. பழைய நுண்ணுயிர்க்கொல்லிகளுக்குப் பற்றீரியாக்கள் எதிர்ப்புப் பெற்றுவருவதால் இத்தகைய தேடல் அவசியமாகின்றது.

பரிசோதனையின் படிகள்

1. ஏகார் ஊடகத்தில் பற்றீரியாவைப் பரப்பி, சேர்வையின் கரைசலில் தோய்த்த வடிதாள் வட்டுகளை வைத்து, 37°C இல் ஓரிரவு வைத்தல். பற்றீரியா வளராத இடம் வட்டைச் சுற்றித் தெளிவான வலயமாகத் தெரியும்.

2. கரைப்பானில் மட்டும் தோய்த்த வட்டு ஒன்றையும், அறியப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லி கொண்ட வட்டு ஒன்றையும் கட்டுப்பாடாக வைத்தல். முன்னையதைச் சுற்றி வலயம் தோன்றினால், பற்றீரியாவைத் தடுத்தது கரைப்பானாகவும் இருக்கலாம்.

3. திரவ ஊடகம் கொண்ட குழாய்களில் செறிவைப் படிப்படியாக அரைவாசியாக்கிச் சோதித்தல். உதாரணமாக, ஒரு மில்லிலீற்றருக்கு 16, 8, 4, 2, 1 மைக்குரோகிராம் உள்ள குழாய்களில் கடைசி இரண்டு மட்டும் கலங்கினால், வளர்ச்சியைத் தடுக்கும் இழிவுச் செறிவு 4 ஆகும்.

4. செங்குருதிக் கலங்களுடன் சேர்த்துப் பார்த்தல். அவற்றையும் சிதைக்கும் சேர்வையை உடலினுள் மருந்தாகச் செலுத்த முடியாது.

கவனிக்க: வலயம் சிறிதாயின் சேர்வை பயனற்றது என உடனே முடிவு செய்யாதீர்கள். நீரில் எளிதில் கரையாத பெரிய மூலக்கூறுகள் ஏகாரில் மெதுவாகவே பரவும். ஆகவேதான் 3 ஆம் படி தேவைப்படுகின்றது.

பயிற்சி வினா: A என்னும் சேர்வையின் வலயம் 8 மில்லிமீற்றர், B இன் வலயம் 14 மில்லிமீற்றர். "B யே வலிமையானது" என ஒரு மாணவன் கூறினான். இக்கூற்றை ஏற்பீரா? காரணம் தருக.

விடைக் குறிப்பு: ஏற்க முடியாது. வலயத்தின் அளவு பரவும் வேகத்திலும் தங்கியுள்ளது. இரண்டினதும் இழிவுச் செறிவுகளை ஒப்பிட்ட பின்னரே முடிவுக்கு வரலாம்.