வயலில் நட்ட முளைகளில் எது உங்கள் எல்லை?

நெடுஞ்சாலைக்கு அளக்க வந்தவர்கள் போன பிறகு வயலில் முளைக்குச்சிகள் நின்றால் பயம் வருவது இயல்பு. சிலர் இரவோடு இரவாகப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது அரசு நட்ட எல்லைக்குறியாக இருந்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அதைவிட, நாளை உங்களுக்கே உதவ வேண்டிய சாட்சி அது.

எல்லா முளையும் ஒன்றல்ல. சாலை 12 மீட்டர் அகலம்தானே என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் சாலையைத் தாங்கும் மண்கரை மேலே குறுகி, கீழே விரியும். பாலத்தை ஒட்டி 6 மீட்டர் உயரத்துக்குக் கரை எழுப்பி, ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் என்று சரிவு விட்டால், இருபுறமும் 12 மீட்டர் கூடும். ஆக, அடியில் 36 மீட்டர். தரை ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கம் இன்னும் நீளும். அதனால்தான் சர்வேயர் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவுக் கருவியை வைத்து ஓரிடத்தில் மட்டம் எடுக்கிறார். கணக்கு ஒத்துவராவிட்டால் சற்றுத் தள்ளி மறுபடி எடுக்கிறார். சரிவு தரையைத் தொடும் அந்தப் புள்ளியில் நிற்கும் முளையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

அதற்கும் வெளியே சில மீட்டர் தள்ளி இன்னொன்று இருக்கலாம். மண்வேலையில் முதல் முளை அழிந்துவிட்டால் அதன் இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க வைக்கும் குறிமுளை அது. தூரமும் மட்ட வித்தியாசமும் அதில் எழுதியிருக்கும். அதுவரை நிலம் போகிறது என்று பொருளில்லை. "எல்லாம் போகப்போகுது, வந்த விலைக்குக் கொடுத்துடுங்க" என்று வருகிறவரை நம்பாதீர்கள்.

முளை நிலத்தை எடுக்காது, அறிவிக்கைதான் எடுக்கும். முதலில் எந்தச் சட்டத்தின்கீழ் என்று கேளுங்கள். மாநிலச் சாலைகளுக்குத் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம், 2001 தனியாக இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஏ அறிவிக்கை அரசிதழில் வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். நேரிலோ வழக்கறிஞர் மூலமோ நீங்கள் சொல்வதை உரிய அலுவலர் கேட்டாக வேண்டும். நிலத்தில் உரிமைத் தொடர்புள்ள எவரும் ஆட்சேபிக்கலாம், பட்டாதாரர் மட்டுமல்ல.

அதற்குள் முளைகளைத் தேதியுடன் படமெடுங்கள். கிணறு, சர்வே கல் போன்ற நிலையான இடத்திலிருந்து நாடா பிடித்து அளந்து, புலப்படத்தோடு ஒப்பிடுங்கள். சரிவின் அடி, அறிவிக்கையில் கண்ட உட்பிரிவைத் தாண்டி விழுகிறதா? விழுந்தால் அங்கே மண் கொட்ட அவர்களுக்கு உரிமை இல்லை. உடனே நில எடுப்பு அலுவலருக்கும் ஆட்சியருக்கும் எழுதி, ஒப்புகை வாங்கி வையுங்கள்.

சாலை உங்கள் வயலை இரண்டாக வெட்டி, கிணறு ஒரு பக்கமும் பயிர் மறுபக்கமும் ஆகிவிட்டால், அந்தத் துண்டாடலுக்கும் இழப்பீடு கேட்க அதே 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஜி பிரிவு இடம் தருகிறது. தொகை போதாவிட்டால் அதே பிரிவின்கீழ் நடுவரிடம் போகலாம்.