பலூனை உடைக்கும் பின்னங்கள்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 1/3 பெரியதா, 1/5 பெரியதா? "1/5தான்" என்று பலர் தயங்காமல் சொல்வர். 5 என்பது 3ஐ விடப் பெரியதல்லவா! முழு எண்களோடு மட்டுமே பழகிய பிள்ளைக்கு அது நியாயமான விடைதான். சிவப்பு மையால் அடித்துவிட்டால் விடை தவறு என்பது தெரியும். ஏன் தவறு என்பது விளங்காது. இந்த இடத்தில் கணிப்பொறி விளையாட்டு உதவுமா? உதவும். ஆனால் எல்லா விளையாட்டும் உதவாது.

இணையவழிக் கணக்கு விளையாட்டு நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்ஸர் என்பவர் 1960ஆம் ஆண்டில் 'பிளேட்டோ' என்னும் கணிப்பொறிக் கல்வி முறையைத் தொடங்கினார். 1970களில் அது பள்ளி வகுப்பறைகளுக்கும் வந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் திரையின் முன் பிள்ளை அமர்ந்திருப்பாள். கணக்கைச் செய்யும் பெரிய கணிப்பொறியோ வேறோர் இடத்தில் இருக்கும். இன்றைய இணையத்துக்கு அதை மூத்த அக்காள் என்றே சொல்லலாம்.

அந்தப் பிளேட்டோவுக்காக ஷேரன் டக்டேல், டேவிட் கிப்பி ஆகிய இருவரும் செய்தது 'டார்ட்ஸ்' என்ற விளையாட்டு. திரையில் ஓர் எண்கோடு. அதன் ஓரத்தில் அங்கங்கே பலூன்கள். ஒரு பலூன் எந்த எண்ணுக்கு நேராக இருக்கிறது என்று கண்ணால் மதிப்பிட்டு, பின்னமாகவோ கலப்பு எண்ணாகவோ தட்ட வேண்டும். உடனே ஓர் அம்பு பறந்து சென்று அந்த எண்ணுக்கு நேராகத் தைக்கும். சரியாக இருந்தால் பலூன் உடையும். தவறினால் அம்பு அங்கேயே நிற்கும். பிள்ளை மறுபடியும் எய்யலாம்.

நம் 1/5 பிள்ளையை இங்கே உட்கார வைப்போம். பலூன் 1/3க்குச் சற்று மேலே இருக்கிறது. அவள் முதலில் 1/3 என்று தட்டுகிறாள். அம்பு பலூனுக்குக் கீழே தைக்கிறது. "இன்னும் பெரிய எண் வேண்டும்" என்று எண்ணி 1/5 என்று தட்டுகிறாள். அம்பு இன்னும் கீழே போய்விடுகிறது! யாரும் திட்டவில்லை, மதிப்பெண்ணும் குறையவில்லை. ஆனால் அவள் நினைத்ததும் நடந்ததும் வேறு வேறு என்பதை இரண்டு அம்புகளும் அருகருகே நின்று காட்டுகின்றன. எந்தப் பக்கம் தவறினோம், எவ்வளவு தவறினோம் என்ற இரண்டையும் படமே சொல்லிவிடுகிறது. கரும்பலகையில் நான்கு நாள் விளக்கினாலும் இவ்வளவு தெளிவாக வருமா என்பது ஐயமே.

ஆகவே ஒரு விளையாட்டைக் கண்டால் முதலில் கேட்க வேண்டியது இது: கணக்கை எடுத்துவிட்டால் ஆட்டம் மிஞ்சுகிறதா? ஓடு, குதி, நாணயம் பொறுக்கு, நடுவில் ஒரு வாய்ப்பாட்டுக் கேள்விக்கு விடை சொல், மறுபடியும் ஓடு என்று போகும் விளையாட்டுகள் இன்று கைப்பேசிகளில் மலிந்து கிடக்கின்றன. அவற்றில் கணக்கு வாசலில் நிற்கும் காவற்காரன். பிள்ளை அவனை எப்படியாவது தாண்டி ஓடவே பார்க்கும். 'டார்ட்ஸ்' ஆட்டத்திலோ எண்ணே அம்பு. எண் இல்லையேல் எய்வதற்கு ஒன்றுமில்லை.

இந்த வேறுபாட்டை இங்கிலாந்தில் சோதித்தும் பார்த்தார்கள். ஜேக்கப் ஹாப்குட், ஷாரன் ஏன்ஸ்வொர்த் ஆகியோர் 7 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளைக் கொண்டு செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. அவர்கள் பயன்படுத்திய விளையாட்டில் எலும்புக்கூடுகள் மார்பில் எண்ணைத் தாங்கி வரும். அந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் ஆயுதத்தால் அடித்தால்தான் எலும்புக்கூடு வீழும். அதே ஆட்டத்தின் இன்னொரு வடிவில் சண்டை தனி, வகுத்தல் கேள்விகள் தனி. ஒரே அளவு நேரம் ஆடியபோது, கணக்கும் ஆட்டமும் கலந்த வடிவில் ஆடியவர்களே அதிகம் கற்றனர். விருப்பம்போல் ஆட விட்டபோதோ, அந்தக் கலந்த வடிவை ஏழு மடங்கு நேரம் ஆடினார்களாம்!

நம் போன்ற பெண்கள் பள்ளியில் இன்னொரு செய்தியையும் சொல்லாமல் விட மனமில்லை. 1980இல் தாமஸ் மலோன் என்ற ஆராய்ச்சியாளர் 'டார்ட்ஸ்' விளையாட்டை எட்டு விதமாக மாற்றி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 80 பேரிடம் கொடுத்துப் பார்த்தார். பலூன் உடைவது சிறுவர்களுக்கு மிகவும் பிடித்தது. சிறுமியர் அதை அவ்வளவாக விரும்பவில்லை. இசையைத்தான் விரும்பியதாகத் தோன்றியது. ஒவ்வொரு விதத்தையும் ஆடியவர் சிலரே ஆதலால் இதை எல்லாப் பெண்களுக்கும் பொதுவிதி ஆக்கிவிடக் கூடாது. (எங்கள் வகுப்பில் பலூனை முதலில் உடைக்கப் போவது யார் என்று எனக்குத் தெரியும்!) ஆனாலும் ஒருவருக்குச் சுவைக்கும் ஆட்டம் மற்றவருக்கும் சுவைக்கும் என்று நம்பி, வகுப்பு முழுவதற்கும் ஒன்றையே திணிப்பது சரியன்று.

கலந்த ஆட்டத்திலும் ஒரு குறை உண்டு. பிள்ளைகள் ஒரே உத்தியைப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. பிளேட்டோவின் 'ஹவ் த வெஸ்ட் வாஸ் வன்' என்ற ஆட்டத்தில் மூன்று எண்கள் விழும். அவற்றைக் கூட்டியும் பெருக்கியும் கிடைக்கும் விடையளவு கட்டம் நகரலாம். 1, 3, 4 விழுந்தால் பலரும் (1+3)×4 என்று செய்து 16 கட்டம் ஓடுவர். ஆனால் ஒவ்வொரு பத்தாவது கட்டமும் ஓர் ஊர். அங்கே சரியாகப் போய் நின்றால் அடுத்த ஊருக்கே தாவலாம். 25ஆம் கட்டத்தில் நிற்பவள் (1+4)×3 என்று 15 நகர்ந்தால் 40ஐத் தொட்டு 50க்குப் போய்விடுவாள். 16 நகர்ந்தவளோ 41இல் நிற்பாள். இதைத் தானாகக் காணாத பிள்ளைக்கு யாராவது காட்ட வேண்டும்.

அதற்காக ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் இருவரும் அந்த ஆட்டத்துக்கே ஒரு கணிப்பொறி ஆசிரியரை உருவாக்கினார்கள். நல்ல நகர்வு இருந்தும் பிள்ளை அதை விட்டுவிட்டால் அது மெல்ல எடுத்துச் சொல்லும். அதற்கு அவர்கள் இட்ட கட்டளைகளுள் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: என்ன நேர்ந்தாலும் அடுத்தடுத்த இரண்டு நகர்வுகளில் குறுக்கிடாதே.

வீட்டில் கணிப்பொறி இல்லாதவர்கள் தரையில் சுண்ணக்கட்டியால் 0 முதல் 2 வரை ஒரு கோடு இழுத்து, அரைக்கும் ஒன்றுக்கும் மட்டும் குறியிட்டு, ஒரு புளியங்கொட்டையை எங்கேனும் வையுங்கள். தங்கை பின்னத்தைச் சொல்லட்டும். நீங்கள் நூலால் அளந்து அந்த இடத்தில் ஈர்க்குச்சியை வையுங்கள். குச்சியை வைக்குமுன், "போன முறையை விட மேலே போகுமா, கீழே வருமா?" என்று மட்டும் கேளுங்கள். அடுத்த முறை அதையும் கேட்காமல் இருங்கள்.