வட்டுகளின் போட்டி

1990களிற் பெருவழக்காயிருந்த நெகிழ்வட்டு 1.44 மெகாபைற் தரவையே கொள்ளும். அதன் இடத்தைப் பிடிக்க இரு சாதனங்கள் போட்டியிட்டன. 1995இல் அயோமெகா நிறுவனத்தார் விற்பனைக்கு விட்ட ஸிப் வட்டு 100 மெகாபைற் கொள்ளும், விரைவும் மிக்கது. ஆயின், அச்சாதனம் பழைய நெகிழ்வட்டை ஏற்காது. பின்வந்த சுப்பர்டிஸ்க் 120 மெகாபைற் கொண்டதுடன், பழைய வட்டையும் படித்தது; விரைவிலோ பின்தங்கியது. முந்திவந்த ஸிப்பே பெரிதும் பரவிற்று.

எனினும், மலிவான இறுவட்டும், 2000இல் சந்தைக்கு வந்த விரலளவு யூ.எஸ்.பி. நினைவகமும் இரண்டையுமே வழக்கொழியச் செய்தன.

வட்டு இருந்தும் படிக்குஞ் சாதனம் இல்லையேல், உள்ளிருப்பது ஊமையே. பாடசாலைப் பதிவாயினும் குடும்பப் படமாயினும், சாதனம் மறையுமுன் புதியதிற் படியெடுத்து வைத்தல் வேண்டும்.